எட்டு நாற்காலி, ஒரே ஆள்: டோக்கியோவின் குடியிருப்புத் தெரு பார்கள்

டோக்கியோவில் காக்டெயில் குடிக்க வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்குப் போகிறார்கள். ஒன்று கின்ஸா. 1928 முதல் இருக்கும் லூபின் என்ற பார் அங்கேதான். எழுத்தாளர் ஒசாமு தசாய் உயர நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருக்கும் புகழ்பெற்ற புகைப்படம் 1946-இல் அந்தக் கடைக்குள் எடுக்கப்பட்டது. இன்னொன்று ஷின்ஜுக்குவின் கோல்டன் காய். ஆறு குறுகிய சந்துகளில் இருநூறுக்கும் மேற்பட்ட குட்டிக் கடைகள். இரண்டையும் பாருங்கள். ஆனால் இந்த நகரத்துக்காரர் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து போகும் பார் வேறு இடத்தில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை, சலவைக் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய படிக்கட்டு, மேலே ஏறினால் ஒரு நீண்ட மரப்பலகை, எட்டு நாற்காலி, பலகைக்குப் பின்னால் ஒரே ஒரு ஆள். இந்த அத்தியாயம் அந்த மாதிரிக் கடைகளைப் பற்றியது.

இங்கே உள்ள பழக்கங்கள் சில முதலில் நம்மை உறுத்தும். கேட்காத பண்டத்துக்குக் காசு வாங்குவார்கள். நான்கு பேராகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு கிளாஸ் கைக்கு வரப் பத்து நிமிடம் ஆகலாம். இதில் எதுவும் கர்வமோ, வெளிநாட்டுக்காரர் மேல் வெறுப்போ இல்லை. கடை அவ்வளவு சின்னது, செய்கிறவர் ஒருவர், வாடகை டோக்கியோ வாடகை. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த விதியையும் உருப்போட வேண்டியதில்லை. எப்படி நடந்துகொள்வது என்பது அங்கே உட்கார்ந்ததும் தானே விளங்கிவிடும்.

எங்கே தேடுவது

எனக்குப் பிடித்த இடம் யோட்சுயாவை ஒட்டிய அராகிச்சோ. மருனோவுச்சி மெட்ரோவில் யோட்சுயா-சன்சோமே நிலையத்தில் இறங்கி, பெரிய சாலையை விட்டு வடக்கே திரும்பினால் தரை சட்டென்று இறங்கத் தொடங்கும். ஏதோ ஒரு காலத்தில் மத்சுதைரா பிரபு ஒருவரின் மாளிகை நிலம் இது. அப்போதிருந்த குளத்தின் மிச்சம் பள்ளத்தின் அடியில், சிறிய கோயிலோடு, இன்னும் இருக்கிறது. மெய்ஜி காலத்தில் கெய்ஷாக்களின் தெருவாகி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதுவும் ஓய்ந்து, இப்போது சின்ன உணவகங்களும் பார்களும் நிறைந்த பகுதி. நாலா பக்கமும் சரிவும் கல் படிகளுமாக இருப்பதால் கார்கள் அதிகம் நுழைவதில்லை, பெரிய கடைகளுக்கும் இடமில்லை. நகரத்தின் நடுவில் இவ்வளவு சின்னக் கடைகள் பிழைத்திருப்பதற்கு அந்தப் பள்ளமே காவல் என்று நினைக்கிறேன்.

ஷிபுயாவில் தங்கியிருந்தால் சன்கென்ஜாயா வசதி. தென்-என்-தோஷி ரயிலில் இரண்டாவது நிறுத்தம். 246-ஆம் எண் சாலையும் செதகயா சாலையும் பிரியும் இடத்தில் ஒரு முக்கோணம் உண்டு. அதற்குள் இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். நிஷி-கசாயில் உறவினர் வீட்டிலோ வேலை நிமித்தமோ தங்கியிருக்கும் தமிழர்களுக்கு ககுரசாகாவைச் சொல்வேன். தோசாய் மெட்ரோவில் மாறாமல் போய் மாறாமல் திரும்பலாம். இரவு பதினொன்றரைக்கு இந்த வசதியின் அருமை தெரியும்.

ஷின்ஜுக்குவின் கபுகிச்சோ பக்கம் தெருவில் நின்று "நல்ல பார், மலிவு" என்று கூப்பிடுகிறவர்களின் பின்னால் போகவே கூடாது. அங்கே கடைசியில் வரும் பில் எத்தனை லட்சம் யென் என்பது உங்கள் பர்ஸைப் பார்த்துத்தான் தீர்மானமாகும். உண்மையான சின்ன பார் எதுவும் தெருவில் ஆள் பிடிக்காது. பிடிக்க வேண்டுமானால் இருக்கிற ஒரே ஆள் கடையை விட்டு வெளியே வர வேண்டும்! அதே போல, 'ஸ்நாக்' என்று பலகை மாட்டிய கடைகள் வேறு ரகம். ஒரு அம்மா நடத்துவார், வழக்கமாக வருகிறவர்கள் கரோக்கி பாடுவார்கள், அளவற்ற விஸ்கிக்கு ஒரே தொகை வாங்குவார்கள். அதிலும் சுகம் உண்டு, ஆனால் காக்டெயிலுக்கான இடம் அல்ல.

கதவு

முதல் தடை கதவுதான். கனமான மரக்கதவு, ஜன்னல் கிடையாது, உள்ளே எத்தனை பேர் என்று தெரியாது. நல்ல கடைகள் பலவும் இப்படித்தான் இருக்கும். பயப்படாமல் ஓர் அடி அளவு திறந்து, வாசலிலேயே நின்று, விரலைக் காட்டி ஆளைச் சொல்லுங்கள். ஒருவர் என்றால் "ஹிதோரி தெஸ்", இருவர் என்றால் "ஃபுதாரி தெஸ்". உள்ளே இருப்பவர் ஒரு நாற்காலியைக் கையால் காட்டினால் அதில்தான் உட்கார வேண்டும். காலியாக இருக்கிற இன்னொன்று யாருக்கோ எடுத்து வைத்ததாக இருக்கலாம், அல்லது பக்கத்தில் இருப்பவர் தனிமை வேண்டி வந்தவராக இருக்கலாம். கடைக்காரர் இரண்டு முன்கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினால் இடமில்லை என்று அர்த்தம். வருத்தப்பட ஒன்றுமில்லை. இன்னொரு நாள் எட்டு மணிக்கு முன் போனால் உட்காரலாம்.

இருவருக்கு மேல் போகாதீர்கள். மூன்று பேர் என்றால் முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள், நான்கு பேர் என்றால் வேறு வகைக் கடைக்குப் போங்கள். எட்டில் நான்கு நாற்காலியை ஒரே கூட்டம் பிடித்துக்கொண்டால் அன்றைய இரவு அந்தக் கூட்டத்தின் இரவாகிவிடும். பேச்சின் சத்தமும் ஆர்டர்களின் வேகமும் மாறிவிடும், தனியாக வந்த நாலு பேரும் எழுந்து போய்விடுவார்கள். கடைக்காரர் தடுப்பது அதைத்தான்.

வயதைப் பற்றி ஒரு வரி. ஜப்பானில் 2022 ஏப்ரலில் வயது வந்தவராகக் கருதப்படும் வரம்பு 18 ஆகக் குறைந்தது. குடிப்பதற்கான வயது மட்டும் 20-லேயே நிற்கிறது. இளமுகம் உள்ளவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டுப் பயணி எப்படியும் அதை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம்.

புகையும் கவனிக்க வேண்டிய விஷயம். 2020 ஏப்ரல் முதல் டோக்கியோவில் உணவகங்களுக்குள் புகைபிடிக்கத் தடை. ஆனால் சம்பள ஆள் யாரும் இல்லாத சின்னக் கடைக்கு விலக்கு உண்டு, உரிமையாளர் விரும்பினால் அனுமதிக்கலாம். நாம் பேசிக்கொண்டிருக்கும் கடைகள் பல அந்த விலக்குக்குள் வருகின்றன. புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் கதவில் ஒட்டியிருக்கும் சிகரெட் படத்தைப் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

உட்கார்ந்த பின்

பை வைக்கப் பலகைக்கு அடியில் கொக்கியோ, காலடியில் கூடையோ இருக்கும். பலகையின் மேல் பையும் கேமராவும் வைக்கக் கூடாது. பலரும் ஒரே துண்டு மரத்தில் இழைத்த பலகையைத் தங்கள் கடையின் உயிராக வைத்திருக்கிறார்கள். கைக்கடிகாரத்தின் உலோகப் பட்டி அதில் உரசினால் முகம் சுளிக்காமல் இருப்பது அவர்களின் பெருந்தன்மை. சூடான ஈரத் துண்டு வரும். கையைத் துடைத்துக்கொள்ளுங்கள், முகத்தையும் கழுத்தையும் வேண்டாம். அதன் பின்னாலேயே ஒரு சிறு தட்டில் ஏதோ வரும். நான்கு பாதாம், ஒரு துண்டு சீஸ், ஒரு கரண்டி சூப், இப்படி எதுவாகவும் இருக்கலாம். இதற்கு ஒதோஷி என்று பெயர். பில்லில் இதுவும் உட்காரும் கட்டணமும் சேர்ந்து வரும். குடியிருப்புப் பகுதிகளில் ஆளுக்குப் பெரும்பாலும் 500 முதல் 1,000 யென், கின்ஸாவில் அதற்கு மேல். 'நான் கேட்கவில்லையே' என்று திருப்பி அனுப்பாதீர்கள். நீங்கள் ஒரு மணி நேரம் பிடித்து வைத்திருக்கும் நாற்காலியின் வாடகை அது. டிப்ஸ் என்ற வழக்கமே இல்லாத ஊரில் இந்தத் தொகை எனக்கு நியாயமாகவே படுகிறது.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சின்னக் கிண்ணத்தில் வரும் காய்கறியோ சூப்போ உலர்மீன் சாற்றில் செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். பார்த்தால் தெரியாது. "மீன், இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டால் கடலையோ சாக்லேட்டோ மாற்றித் தருவார்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை எல்லோருக்குமே ஒரு சொல்: வயிற்றை நிரப்பிக்கொண்டு போங்கள். நம் ஊர் பழக்கத்தில் குடிக்கிற இடத்தில் சைட் டிஷ்தான் பாதி மகிழ்ச்சி. இங்கே பல கடைகளில் அடுப்பே இருக்காது. கடலை, சீஸ், சாக்லேட், உலர்திராட்சை கலந்த வெண்ணெய்த் துண்டு, அவ்வளவுதான். அந்த வெண்ணெயைத் தவறாமல் கேளுங்கள். விஸ்கிக்கு அதைவிடப் பொருத்தமான துணையை நான் பார்த்ததில்லை.

என்ன கேட்பது

பட்டியல் அட்டை இல்லாத கடைகள் உண்டு. அப்போது திணற வேண்டாம். மூன்று விஷயம் சொன்னால் போதும். எந்த மது (ஜின், ரம், விஸ்கி, வோட்கா), புளிப்பா இனிப்பா, கடுமையா மென்மையா. கூடவே கடைக்காரர் "ஷார்ட்டா, லாங்கா" என்று கேட்பார். ஷார்ட் என்றால் ஐஸ் இல்லாமல் சின்னத் தண்டுக் கிளாஸில் வருவது, சில்லிப்பு போவதற்குள் குடித்து முடிக்க வேண்டியது. லாங் என்றால் ஐஸும் சோடாவும் சேர்ந்து உயரக் கிளாஸில் வருவது, நிதானமாகக் குடிக்கலாம். முதல் கிளாஸை லாங்காக வாங்குவதே நல்லது. ஜின் டானிக் கேளுங்கள். எளிய பானம் என்பதால் கடையின் தரத்தை அதில் மறைக்க முடியாது.

பருவப் பழம் என்ன இருக்கிறது என்று கேட்பது இன்னும் நல்ல வழி. குளிர்காலக் கடைசியில் ஸ்ட்ராபெர்ரி, கோடையில் வெள்ளைப் பீச், இலையுதிர் காலத்தில் கியோஹோ என்ற கருந்திராட்சை. பழம் பலகையின் ஓரத்தில் கிண்ணத்தில் இருக்கும். அதைப் பார்த்து விரலை நீட்டினாலே ஆர்டர் ஆயிற்று.

ஒரு கிம்லெட் தயாராவதை அருகிலிருந்து பாருங்கள். முதலில் ஐஸ். அது ஐஸ்காரரிடமிருந்து பெரிய பாளமாக வருகிறது. தண்ணீரை அசைத்துக்கொண்டே இரண்டு மூன்று நாள் மெதுவாக உறைய விடுவதால் காற்றும் அழுக்கும் வெளியே தள்ளப்பட்டு, கண்ணாடி போல் தெளிந்திருக்கும். உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் அதை உடைக்க மாட்டார்கள். மேலே படிந்த வெண்பனி கரைந்து பளபளப்பு வரும்வரை வெளியே வைத்திருப்பார்கள், இல்லையென்றால் குத்தூசி பட்டதும் விரிந்து சிதறும். உள்ளங்கையில் துணியை மடித்து, அதன் மேல் துண்டை வைத்து, மூன்று முனைக் குத்தூசியால் சிறு சிறு குத்தாகக் குத்தி வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவருவார். ஷேக்கருக்குள் ஐஸை அடுக்கியபின் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி வடித்துவிடுவதையும் சில கடைகளில் பார்க்கலாம். கூர் விளிம்புகள் போய்விட்டால் குலுக்கும்போது ஐஸ் கண்டபடி உடைந்து பானத்தில் தண்ணீர் ஏறாது.

பிறகு ஜின், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் இனிப்பு. அளவுக் குவளையை நிறைத்து, விளிம்பில் ஒரு துளி ததும்பி நிற்கும் கணத்தில் கவிழ்ப்பார். அதன்பின் குலுக்கல். கின்ஸாவில் டெண்டர் பார் நடத்திய கஸுவோ உஎதா 'ஹார்ட் ஷேக்' என்ற பாணியை உருவாக்கிப் பெயர் பெற்றவர். ஷேக்கரை நெஞ்சுயரத்தில் பிடித்து, மேலும் கீழுமாக வீசும்போதே மணிக்கட்டை முறுக்கி, ஐஸ் உள்ளே ஒரே இடத்தில் மோதாமல் சுழலச் செய்வது அவர் முறை. இதனால் சுவை உண்மையிலேயே மாறுகிறதா என்று உலகமெங்கும் பார்காரர்கள் விவாதித்திருக்கிறார்கள். என் நாக்குக்குத் தெரிவது இதுதான்: மேற்பரப்பில் மெல்லிய ஐஸ் பொடி மிதக்கும், முதல் மிடறில் எலுமிச்சையின் கூர்மை மழுங்கி வரும். எல்லாக் கடைக்காரரும் உஎதாவின் வழியைப் பின்பற்றுவதில்லை. ஒவ்வொருவரும் தங்கள் குருவின் கையசைவைக் கொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று கடை பார்த்தபின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

இவ்வளவும் ஒரு கிளாஸுக்கு. உங்களுக்கு முன்னால் மூன்று ஆர்டர் இருந்தால் பத்து நிமிடக் காத்திருப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். குலுக்குகிறவரிடமோ அளக்கிறவரிடமோ பேச்சுக் கொடுக்காதீர்கள். கிளாஸை வைத்துவிட்டு அவர் நிமிரும்போது "சுமிமாசென்" என்று மெல்லச் சொன்னால் போதும்.

ஜப்பானுக்கே உரிய காக்டெயில் எதையாவது குடிக்க ஆசைப்பட்டால் இரண்டைச் சொல்வேன். ஒன்று பாம்பூ. யோகோஹாமா துறைமுகத்து கிராண்ட் ஹோட்டலை நடத்திய லூயி எப்பிங்கர் என்பவரோடு சேர்த்துப் பேசப்படும் பானம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே புகழ் பெற்றது. ஷெர்ரியும் உலர் வெர்மூத்தும் கலந்தது. கடுமை குறைவு, சாப்பாட்டுக்கு முன் அருமையாக இருக்கும். அந்த ஹோட்டல் 1923 நிலநடுக்கத்தில் அழிந்துவிட்டது, பானம் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. இன்னொன்று யுகிகுனி. யமகதா மாநிலத்தின் சகாதா என்ற கடலோர ஊரில் சின்ன பார் நடத்திய கெய்இச்சி இயாமா 1950களின் கடைசியில் உருவாக்கியது. வோட்கா, வெள்ளை க்யூராசோ, எலுமிச்சை. கிளாஸின் விளிம்பில் சர்க்கரை, அடியில் ஒரு பச்சைச் செர்ரி. தொண்ணூறு வயதைத் தாண்டியும் அவர் தன் கடையில் நின்று அதைக் கலந்து கொடுத்தார், 2021-இல் காலமானார். ஒரு சிற்றூர்க் கடையில் பிறந்த பானம் நாடு முழுக்கப் பரவியதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

விஸ்கிக்காரர்களுக்கு: ஹைபால் எங்கும் கிடைக்கும், நம்பிக் கேட்கலாம். யமசாகி வடிசாலையை ஷின்ஜிரோ தோரி தொடங்கியது 1923-இல். அதன் ஆண்டுக்கணக்குள்ள பழைய சரக்கு இன்று ஜப்பானிலேயே எட்டாத விலைக்குப் போய்விட்டது. அலமாரியில் கண்ட புட்டியைச் சுட்டிக்காட்டுமுன் "இகுரா தெஸ் கா" என்று விலை கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சிங்கிள் என்றால் பொதுவாக 30 மில்லி. நம் ஊர் அளவை மனத்தில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

குடிக்காதவரும் வரலாம். துணைக்கு வந்தவருக்கு மது வேண்டாம் என்றால் "அருகோரு நுகி" என்று சொன்னால், அதே பழத்தில், அதே கவனத்தோடு, அதே மெல்லிய கிளாஸில் செய்து தருவார்கள். ஆனால் எதையும் வாங்காமல் சும்மா உட்காரக் கூடாது.

பேச்சும் புகைப்படமும்

பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசலாமா? அவர் தொடங்கினால் பேசுங்கள். தனியாக வரும் பெண்களிடம் வலியச் சென்று பேச்சுக் கொடுப்பதைக் கடைக்காரர் விரும்ப மாட்டார், ஏதோ ஒரு சாக்கில் நடுவே நுழைந்து பேச்சை மாற்றிவிடுவார். தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு இந்த பார்களை நான் தயங்காமல் சொல்வதற்குக் காரணமே இதுதான். எட்டு நாற்காலியும் ஒருவரின் கண்ணெதிரே இருக்கின்றன.

உங்கள் கிளாஸைப் படம் எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு, ஃபிளாஷ் இல்லாமல், ஒரு படம். மற்றவர் முகம் விழக் கூடாது. மெல்லிய கிளாஸ்களை மோதிக்கொள்ளாமல் சற்று உயர்த்திக் காட்டினால் போதும். அழுத்தமான வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். அவ்வளவு சின்ன அறையில் பக்கத்திலிருப்பவரின் விஸ்கி வாசனை உங்கள் வாசனையில் மூழ்கிவிடும்.

எவ்வளவு நேரம், எவ்வளவு காசு

ஒருவர் இரண்டு கிளாஸ் குடித்து, ஒரு மணி நேரமோ சற்றுக் கூடவோ இருந்துவிட்டு எழுவது நல்ல அளவு. வாசலில் புதிதாக ஆள் வந்து நின்று, உங்கள் கிளாஸும் காலியாக இருந்தால் எழுந்துவிடுங்கள். வழக்கமாக வருகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் ஒரு காக்டெயில் பெரும்பாலும் 1,000 முதல் 1,500 யென். இரண்டு கிளாஸும் கட்டணமும் சேர்த்து 4,000 யென் வைத்துக்கொண்டால் திணற மாட்டீர்கள். அட்டை வாங்காத கடைகள் இன்னும் இருப்பதால் ரொக்கம் கட்டாயம். "ஒகாய்கேய் ஒனேகாய்ஷிமாஸ்" என்றால் ஒரு சின்னத் தாளில் தொகையை மட்டும் எழுதித் தருவார். மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வராதீர்கள், தெருவரை ஓடிவந்து கொடுப்பார், அதற்குள் கடையில் ஆளில்லாமல் போகும். புறப்படும்போது "கோச்சிசோசாமா தெஷ்தா" சொல்லுங்கள்.

அடுத்தது ரயில். மெட்ரோவின் கடைசி வண்டிகள் நள்ளிரவையொட்டிப் போய்விடும், மறுபடி காலை ஐந்து மணிக்குத்தான். வண்டி மாற வேண்டியிருந்தால் முதல் ரயிலைவிட இரண்டாவது ரயிலின் கடைசி நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அராகிச்சோவிலிருந்து நிஷி-கசாய் போகிறவர் ஒதெமாச்சியில் தோசாய்க்கு மாற வேண்டும், பலர் அங்கேதான் தவறவிடுகிறார்கள். டாக்ஸியில் மீட்டர் 500 யென்னில் தொடங்கும், முதல் ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்கு அது போதும். இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை 20 சதவீதம் கூடுதல். வாடகைச் சைக்கிளில் வந்திருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். 2024 நவம்பரிலிருந்து போதையில் சைக்கிள் ஓட்டினாலும் மூன்றாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். ஓட்டுவார் என்று தெரிந்தும் ஊற்றிக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. எனவே சைக்கிளில் வந்ததாகச் சொன்னால் கடைக்காரர் மது தர மாட்டார். ஓட்டலில் விட்டுவிட்டு நடந்தே போங்கள்.